எரியும் பாதம், மரத்த பாதம்

ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அது தெரியாமல் அவர் பத்தடி தள்ளிப் போய்க்கொண்டிருப்பார். பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்னால்தான் குனிந்து காலைப் பார்ப்பார். நரம்பியல் மருத்துவர்கள் மிகவும் மதிக்கும் தகவல் இது. செருப்பு கழல்வது தெரிந்தும் பிடித்து நிறுத்த முடியவில்லை என்றால் பாதத்தின் பலம் குறைகிறது. கழன்றதே தெரியவில்லை என்றால் உணர்வு குறைகிறது. காலணா செலவில்லாத சோதனை. எந்நேரமும் ஷூ போட்டு நடக்கிற நாடுகளில் இந்தக் கேள்விக்கு வேலை குறைவு.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தக் கோளாறைப் பலவிதமாகச் சொல்வார்கள். "காலு மதமதன்னு இருக்குங்க", "உள்ளங்கால் காந்துது", "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு", "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "ராத்திரி போர்வை பட்டாக்கூட ஆகலை". ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை நரம்பிழையின் புகார். கேட்கிறவருக்குப் பொறுமை இருந்தால் பாதி நோயறிதல் இந்தச் சொற்களிலேயே கிடைத்துவிடும். நடப்பது வேறு. சர்க்கரை பார்த்தாயிற்று, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று, இரண்டிலும் கோளாறு இல்லை. "ஒண்ணுமில்லம்மா" என்று ஒரு சத்து மாத்திரை அட்டையோடு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கால் காந்துகிறது. 'ஒண்ணுமில்ல' என்று சொன்னதால் வீட்டில் உள்ளவர்களும் இப்போது நம்புவதில்லை.

காரணம் தெரியாதவை என்று எழுதப்படும் கால் நரம்புக் கோளாறுகளில் பெரும்பகுதி, சரியான கேள்வி கேட்கப்படாதவை என்பது என் கட்சி. எல்லாம் கேட்ட பிறகும் விடை கிடைக்காமல் நிற்பவை கொஞ்சம் உண்டு. அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில், ஏன் எப்போதும் காலிலேயே தொடங்குகிறது? பெருவிரல் நுனியில் முள் குத்துவதைச் சொல்லும் நரம்பு செல்லின் உடல் பாதத்தில் இல்லை. கீழ் முதுகில், தண்டுவடத்தை ஒட்டிய ஒரு முடிச்சுக்குள் இருக்கிறது. செல்லின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. அதிலிருந்து புறப்படும் இழையோ ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அந்த இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை முதுகில் உள்ள செல்லில்தான் தயாராகி விரல் நுனிவரை போய்ச் சேர வேண்டும். வேகமாகப் போகும் பொருள்கள் ஒரு நாளில் சுமார் 40 செ.மீ. கடக்கும், மெதுவானவை ஒரு சில மில்லிமீட்டர்தான் நகரும். புள்ளம்பாடி வாய்க்காலின் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: மேலே எந்த இடத்தில் தண்ணீர் குறைந்தாலும் முதலில் காய்வது அவர்கள் வயல். உடல் முழுக்கப் பாதிக்கும் சர்க்கரையோ, சாராயமோ, சத்துக் குறைவோ, நஞ்சோ எதுவானாலும் நீளமான இழைகளின் நுனியில்தான் முதலில் தெரியும். இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் தொடங்கி, சாக்ஸ் மறைக்கும் இடம் முழுவதும் பரவி, முழங்காலை எட்டும் சமயத்தில் கை விரல் நுனிகளிலும் மதமதப்பு தொடங்கும். அந்த உயரத்தில் கால் இழையின் நீளமும் கை இழையின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன.

ஆகவே, மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஒரு காலா, ரெண்டு காலுமா?" என்பது. ஒரு கால் மட்டும் என்றால் கதை வேறு. இடுப்பு வட்டு நரம்பை அழுத்தலாம். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு ரத்தக்குழாய் சுருங்கி நடக்க நடக்கக் கெண்டைக்கால் இழுக்கலாம். இந்த மண்ணின் வேலையோடு வரும் இன்னொரு காரணமும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் பேர்போனது. அறுவடைக் காலத்தில் பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணிக்கணக்கில் தாளையும் வேரையும் அரிந்துகொண்டிருப்பார்கள். களையெடுப்பும் அதே இருப்புதான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தடவினால் ஒரு சிறு எலும்பு மேடு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்குவது அந்த நரம்பின் வேலை. குத்துக்காலிட்டு நெடுநேரம் இருந்தால் அது நசுங்கும். எழுந்து நடக்கும்போது பாதம் தொங்கி, செருப்பின் முனை தரையில் இழுபடும். மேலைநாட்டு மருத்துவர்கள் இதையே ஸ்ட்ராபெரி பறிக்கும் தொழிலாளர்களிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ தானாகச் சரியாகும். ஒரு முக்காலியோ மணைப்பலகையோ போட்டு உட்கார்ந்தால் வராமலே தடுக்கலாம். "என்ன வேலை பார்க்கிறீங்க, எப்படி உட்கார்ந்து பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால்தானே இதெல்லாம் தெரியும்!

அதே எலும்பு மேட்டருகே நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பதும் அவசியம். தொழுநோய் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கும். தோலில் ஒரு தேமலும் இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகையும் உண்டு. தொழுநோய் ஒழிந்துவிட்டது என்ற நினைப்பில் பல மருத்துவர்கள் இதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. 6 மாதமோ 12 மாதமோ இலவசக் கூட்டு மருந்தில் குணமாகிற நோய் அது.

இரண்டு காலும் எரிகிற நோய்க்கு ஒரு தமிழ் மருத்துவரின் பெயர் சர்வதேச மருத்துவ நூல்களில் நிற்கிறது. சேலத்தில் 1918இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன் அவர். எரியும் பாதத்தை 1826இலேயே கிரியர்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பர்மாவில் கண்டு எழுதியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய முகாம்களில் அடைபட்ட போர்க்கைதிகள் பலருக்கு அது வந்தது; இரவெல்லாம் தூங்காமல் பாதங்களைத் தேய்த்துக்கொண்டும் குளிர்ந்த நீரில் வைத்துக்கொண்டும் கிடந்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்து ஏழைகளிடமும் அதே எரிச்சல் இருந்தது. கோபாலன் பி தொகுதி வைட்டமின்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். மற்றவை பலன் தராத இடத்தில் பாண்டோதெனிக் அமிலம், அதாவது பி5, எரிச்சலை அடக்கியது. 1946இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் அதை வெளியிட்டார். கிரியர்சன்-கோபாலன் நோய் என்ற பெயர் அப்படி வந்தது. பிற்பாடு நாட்டின் ஊட்டச்சத்து ஆய்வுக்கே தலைமை தாங்கி, 2019இல் காலமானார். இன்று பி5 மட்டும் தனியாகக் குறைவது அபூர்வம். ஆனாலும் கோபாலனின் முறை பழசாகிவிடவில்லை: என்ன சாப்பிடுகிறார் என்று கேள், ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார், எது குணமாக்கியது என்று எழுதி வை.

சாப்பாட்டைப் பற்றிய கேள்வி எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு இலங்கை மலையகத்தில் ஒரு சம்பவம். 1977-78இல் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ச் சிறுமிகள் 20க்கும் மேற்பட்டோருக்குக் கால் நரம்புகள் செயலிழந்தன. பாதம் தொங்கியது, நடை குலைந்தது. தொற்று என்றால் வீட்டில் தம்பிக்கும் அப்பாவுக்கும் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பாதிக்கப்பட்ட எல்லோரும் அப்போதுதான் வயதுக்கு வந்தவர்கள். நிமால் சேனாநாயக்க, ஜெ. ஜெயரத்தினம் என்ற மருத்துவர்கள் துப்புத் துலக்கினார்கள். சடங்கான பெண்ணுக்கு உடம்பு தேற நல்லெண்ணெய் கொடுப்பது நம் வழக்கம். அந்த நல்லெண்ணெயில் ட்ரைகிரெசைல் பாஸ்பேட் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் கலந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 1981இல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. சிறுமிகளை 3 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், கால் நரம்புகள் தேறத் தேறச் சிலரிடம் தண்டுவடப் பாதிப்பின் அடையாளங்கள் வெளிப்பட்டன. இதே ரசாயனம் 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாற்று மதுவிலும், 1988இல் கல்கத்தாவின் பெஹாலாவில் சமையல் எண்ணெயிலும் கலந்து ஆயிரக்கணக்கானோரின் கால்களை முடக்கியது. ஆனால் வயதுக்கு வந்த சடங்கு ஒரு நரம்பு நோயின் முடிச்சை அவிழ்த்தது மலையகத்தில் மட்டும்தான். ஊர் வழக்கம் தெரியாத ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

அந்த ரசாயனம் ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்தது. பருத்திக் காட்டில் அடித்துவந்த மோனோகுரோட்டோபாசும் புரோபெனோபாசும் அதே குடும்பம். 2017 பருத்திப் பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்தடித்தவர்கள் செத்து விழுந்த அதே சமயம், பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் நின்று முகத்துக்கு நேராக அடிக்கும்போது காற்றில் வருவதெல்லாம் மூச்சிலும் தோலிலும்தான் இறங்கும். கடுமையான நஞ்சேற்றத்தில் உடனே தெரிவது வாந்தி, வியர்வை, கண்மணிச் சுருக்கம். 1 நாளிலிருந்து 4 நாட்களுக்குள் கழுத்தும் மூச்சுத் தசைகளும் சோரும் ஒரு கட்டம் உண்டு. அதைச் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் இலங்கையில் தனியாக இனம் கண்டு எழுதினார்கள். மூன்றாவது கட்டம் 2, 3 வாரம் கழித்து வருவது: கெண்டைக்கால் வலி, பாத மதமதப்பு, பிறகு பாதம் தொங்குதல். எல்லா மருந்துகளும் இதைச் செய்வதில்லை. குடும்பத்தில் சில மட்டும் செய்யும். நோயாளி அதற்குள் வீட்டுக்குப் போய் வேலைக்கும் திரும்பியிருப்பார். மூன்று வாரத்துக்கு முந்திய மயக்கத்தையும் இன்றைய கால் வலியையும் அவர் சேர்த்துச் சொல்ல மாட்டார். கேட்கிறவர்தான் சேர்க்க வேண்டும். மருந்து டப்பாவின் லேபிளை எடுத்து வரச் சொல்வது எந்த ஸ்கேனை விடவும் உதவும்.

சர்க்கரை நோயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நரம்புக் கோளாறுக்கு முதல் காரணம் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 26.1 சதவீதம் பேருக்குக் கால் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. தெரியாதது இது: வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காக இருக்கும்போதே நரம்பு கெடத் தொடங்கலாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில்தான் அது பிடிபடும். சர்க்கரைக்காக மெட்பார்மின் ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கு பி12 உடலில் சேர்வது குறையும்; அதனால் வரும் எரிச்சலையும் "சர்க்கரைதான்" என்று தள்ளிவிடுகிறோம். காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர், தினமும் குடிப்பவர், தைராய்டு குறைந்தவர், சிறுநீரகம் பழுதானவர், புற்றுநோய் மருந்து ஏற்றியவர் என்று பட்டியல் நீளும்.

இங்கே சத்து ஊசி பற்றி ஒரு வார்த்தை. பி12 குறைவு என்று ரத்தத்தில் தெரிந்தால் ஊசி போடுவது சரி. எதையும் பார்க்காமல், "நரம்புக்கு நல்லது" என்று மருந்துக்கடையில் மாதக்கணக்கில் பி6 அதிகமுள்ள மாத்திரை வாங்கி விழுங்குவது சரியல்ல. காசநோய் மருந்து எடுப்பவருக்கு பி6 குறைந்தால் கால் மரக்கும். அளவு மீறினாலும் கால் மரக்கும். நாள்தோறும் கிராம் கணக்கில் பி6 எடுத்து நடை தள்ளாடிப்போன 7 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் எழுதினார்கள். நரம்பு மாத்திரையாலேயே நரம்பு கெட்ட கதை.

பெரம்பலூர்க்காரர் ஒருவர் திருச்சிக்குப் போய் நரம்புக் கடத்தல் சோதனையும் செய்துகொண்டு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். முடிவு 'நார்மல்'. அப்படியும் கால் எரிகிறதே? எரியலாம். அந்தச் சோதனை நொடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்பும் தடித்த இழைகளை மட்டும் அளக்கிறது. எரிச்சலையும் சூட்டையும் சொல்லும் மெல்லிய இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்பவை. கருவியில் அவை பதிவதே இல்லை. அவற்றைப் பார்க்க 3 மி.மீ. அகலத் தோல் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் இழைகளை எண்ண வேண்டும். அந்த வசதி பெரிய மையங்களில்தான் உண்டு. மனப்பிரமை என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பலர் இந்த மெல்லிழை நோயாளிகள்.

மேயோ கிளினிக்கில் டைக் என்ற நரம்பியலாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வு என் கட்சிக்குப் பக்கபலம். காரணம் தெரியவில்லை என்று பிற மருத்துவர்கள் கைவிட்ட 205 பேரை அவருடைய குழு மறுபடி ஆராய்ந்தது. 76 சதவீதம் பேருக்குக் காரணம் கிடைத்தது. அதிகம் பேருக்குக் கிடைத்தது பரம்பரை நரம்பு நோய். எப்படிப் பிடித்தார்கள்? நோயாளியின் அண்ணன் தம்பி, அப்பா அம்மா, பிள்ளைகளின் கால்களையும் பார்த்தார்கள். உள்ளங்கால் வளைவு அதிகம், விரல் மடங்கியிருக்கிறது, கெண்டைக்கால் மெலிந்திருக்கிறது, ஆனால் "எங்க குடும்பத்துக் காலே இப்படித்தான்" என்று யாரும் அதை நோயாக நினைத்ததில்லை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கமுள்ள நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மீதி 24 சதவீதம் பேருக்குக் காரணம் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்றும் பெரிய மையங்களில் ஏறக்குறைய அந்த அளவு மிஞ்சுகிறது. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள். நோய் மெல்லத்தான் நகரும். படுக்கையில் தள்ளுவது அபூர்வம். இவர்களிடம் "ஒண்ணுமில்ல" என்பது பொய். "உங்க நரம்பு பாதிச்சிருக்கு, காரணம் இப்போதைக்குத் தெரியலை, வலிக்கு மருந்து இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க" என்பது உண்மை. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், கேபாபென்டின், ப்ரீகேபாலின் ஆகியவற்றில் ஒன்று எரிச்சலைப் பாதியாக்கினாலே வெற்றி. இரவுத் தூக்கம் திரும்பும். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. வீணாகச் சிறுநீரகம்தான் கெடும். காரணம் கிடைத்து நீக்கப்பட்ட பிறகும் பொறுமை வேண்டும். நரம்பிழை வளர்வது நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான்.

கண்ணை மூடி முகத்துக்குச் சோப்புப் போடும்போது தள்ளாடுகிறதா என்று கவனியுங்கள். பாதம் தரையில் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகவில்லை என்பதன் அடையாளம் அது. இதுவரை கண்தான் ஈடுகட்டியிருக்கிறது. குளியலறையில் ஒரு கைப்பிடியும், இரவில் எழுந்து போகும் வழியில் ஒரு சிறு விளக்கும் இடுப்பெலும்பு முறிவைத் தடுக்கும்.

எரிச்சலை விட மரத்துப்போவதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று உலகுக்குச் சொன்னவர் மருத்துவர் பால் பிராண்ட். பச்சைமலைக்கு மேற்கே நிற்கும் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம். நோயாளிகள் இரவில் எலி கடிப்பதைக்கூட உணராமல் தூங்குகிறார்கள், சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், கல் உறுத்தும் செருப்போடு மைல் கணக்கில் நடக்கிறார்கள். வலி இல்லாததால் விரல் போகிறது என்று அவர் கண்டார். நோயாளிகளுக்கு வளர்க்கப் பூனை கொடுத்தார். நுண்ணறை ரப்பர் அடியுள்ள 'எம்.சி.ஆர்.' செருப்பு வேலூரில் அந்தப் பணியின் பகுதியாகப் பரவியது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் போனவர், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் அதே பாடத்தைக் கொண்டுபோனார். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு "தெரியுதா?" என்று கேட்கும் சோதனை இன்று உலகமெங்கும் நடக்கிறது. தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தின் நோக்கமும் இதே முன்சோதனைதான். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரக் கல்லில் மரத்த காலோடு வெறுங்காலில் சுற்றாதீர்கள். கொப்புளம் வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் தெரியும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், அதிகாலையில் போங்கள்.

சில நாட்களுக்குள் பலவீனம் காலிலிருந்து மேலே ஏறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு நாளைக்கு என்பது கிடையாது. மற்றவர்கள் மருத்துவரிடம் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், வயலில் அடிக்கும் மருந்தின் லேபிள், எந்த மாதம் எந்த விரலில் தொடங்கியது என்ற குறிப்பு. முடிந்தால் உடன்பிறந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள், அவர் காலையும் பார்க்கட்டும். இன்னொன்று: பல மாதமாக எரிந்துகொண்டிருந்த பாதம் மருந்தில்லாமல் தானாக எரிச்சல் அடங்கிவிட்டால், குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். வலி சொல்லும் இழைகள் முழுவதும் பட்டுப்போனாலும் எரிச்சல் நிற்கும். அந்த வாரமே போய்ப் பாதத்தைக் காட்டுங்கள்.